பேட்டரி மூடியில் சந்தனம்

திறக்க முடியவில்லையாம். மூன்று நாளில் நாற்பதாவது தடவையாக இதே அறிவிப்பு, சாம்பல் நிறப் பெட்டிக்குள், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியோடு. நாற்பதாவது தடவையும் முடியாததில் இதற்கு என்ன ஆச்சரியம் என்று தெரியவில்லை. ஃபைல் பழுதாகியிருக்கலாம், அல்லது இந்த வகை ஃபைலை இந்த எடிட்டிங் மென்பொருள் ஏற்காமலிருக்கலாம், அல்லது வேறு காரணமாகவும் இருக்கலாம், ஓகே அழுத்தவும். மூன்று காரணங்களை எழுதிவிட்டு எது என்று சொல்லாமல் நழுவுகிற விடைத்தாளுக்கு நான் முப்பத்திரண்டு வருடம் அரை மதிப்பெண்தான் போட்டேன். ஓகே அழுத்தினேன். வேறு பொத்தான் கிடையாது. மணி ஒன்று ஐம்பது. நான்கு மணிக்கு பெனிட்டாவும் இன்னும் இரண்டு பேச்சுப் பயிற்சியாளர்களும் உட்கார்ந்து, விண்ணப்பித்த பதினான்கு பேரிலிருந்து இரண்டே பேரை ஆறு வாரப் பயிற்சிக்கு எடுக்கப்போகிறார்கள். பதினான்கில் ஒருவர் என் வீட்டுக்காரர் மாசிலாமணி. பக்கவாதம் வந்து எட்டு மாதம். கால் திரும்பிவிட்டது, வலது கை பாதி திரும்பிவிட்டது, பேச்சு வாசல் வரை வந்து நிற்கிறது. நாம் ஒரு சொல்லைச் சொன்னால் திருப்பிச் சொல்வார். தானாகச் சொல்ல வராது. 'யாரும் எடுத்துக் குடுக்காம, அவரா, சேர்ந்தாப்ல மூணு வார்த்தை பேசினா போதும் மேடம், சீட்டு கிடைக்க வாய்ப்பு இருக்கு. ஆனா வீடியோவில இருக்கணும். வீட்ல இருக்கிறவங்க வாயால சொல்றதைக் கமிட்டியில எடுத்துக்க மாட்டாங்க' என்றாள் பெனிட்டா. அந்த மூன்று வார்த்தை இந்தத் திறக்காத ஃபைலுக்குள் இருக்கிறது. கேட்டவள் நான் ஒருத்திதான். என் சாட்சி செல்லாது, ஏனென்றால் நான் மனைவி, ஏனென்றால் எனக்கு அது நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் நான் நிறையப் பேசுகிறவள். கடைசிக் காரணத்தை என் மகன் மாறன் புனேயிலிருந்து சேர்த்துக்கொண்டான்.

அடுத்த அறையில் அவர் சத்தத்தை அணைத்துவிட்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். வர்ணனையாளர்கள் வேகமாகப் பேசுவது பிடிக்கவில்லை போலிருக்கிறது. போலிருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்கிறேன், அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு நேரமாகும், எனக்கு இப்போது இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எல்லாம் அந்தச் சந்தனத்தால் வந்தது. நான் தாவரவியல் பேராசிரியை, ஓய்வு பெற்றவள், கடவுளைப் பற்றிக் கேட்டால் செடிகளைப் பற்றிப் பேசித் தப்பிப்பேன். ஆனால் சரஸ்வதி பூஜைக்கு மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைக்காமல் இருந்ததில்லை. அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்தபோது அங்கே ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைப்பது அவர் பொறுப்பு. கெட்டியாகக் குழைப்பார், செங்குத்தான இரும்பில் வைத்தாலும் வழியாது, லேத்து மெஷின்கள் எல்லாம் மறுநாளும் நெற்றிப் பொட்டோடு மாப்பிள்ளை மாதிரி நிற்கும். வீட்டிலும் அவர்தான். இந்த வருடம் வலது கை தோதில்லை என்று நான் குழைத்தேன். தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் நின்று இடது கை விரலைத் தூக்கினார், உதடு குவிந்தது. தெரியும், தெரியும், நீங்க உக்காருங்க என்றேன். தண்ணீர் போதும் என்றுதான் சொல்ல வந்திருக்கிறார், இப்போது தெரிகிறது. அகராதியும், தடித்த செடிப் புத்தகங்களும், அவருடைய வெர்னியர் காலிப்பரும், இந்த கேமராவும் பூஜையில் அடுக்கப்பட்டன. கேமராவுக்கு எங்கே பொட்டு வைப்பது என்று யோசித்தேன். லென்ஸில் வைக்க முடியாது, அந்த அளவு அறிவு இருந்தது. பேட்டரி மூடிதான் நெற்றி மாதிரி அகலமாக, சமமாக இருந்தது. ராத்திரி முழுக்க அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி மூடியின் இடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் விஜயதசமி, எதைத் தொடங்கினாலும் விளங்கும் என்கிற நாள், ஏழு பத்துக்குக் காப்பி மேஜைக்கு எதிரே முக்காலியில் கேமராவை நிறுத்தி சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். பெனிட்டா சொன்னபடி தினமும் இருபது நிமிடம், சாதாரணமாக, அவர் பாட்டுக்கு இருக்கட்டும் என்று. பத்தொன்பதாவது நிமிடத்தில் அவர் பேசினார். பேசிய கொஞ்ச நேரத்தில் கேமரா செத்துப்போனது.

ரபீக்கிடம் நேற்று போனில் கேட்டேன். மாறன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர், இப்போது கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பிரச்சினையைச் சொல்லி முடிக்கும் முன்பே, 'சந்தனம் வெச்சீங்களா மேடம்?' என்றார். எப்படித் தெரியும் என்றேன். 'ஆயுத பூஜைக்கு அப்புறம் ஒரு வாரம் எனக்கு வேற பொழப்பே கிடையாது. நீங்கள்லாம் வைப்பீங்க, நாங்க தொடைப்போம். ஒருத்தர் லென்ஸ்லயே பட்டையா விபூதி பூசிக் கொண்டாந்தார். நீங்க எவ்வளவோ தேவலை.' பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து பேட்டரி முனைகளைத் துடைக்கச் சொன்னார், துடைத்தேன், வெள்ளையாக உரிந்து வந்தது, கேமரா உயிர் பெற்றது, ஃபைல் பெறவில்லை. அதற்கும் காரணம் சொன்னார். 'ரெக்கார்டு ஆகும்போது அது சும்மா கொட்டிக்கிட்டே போகும் மேடம். நாம ஸ்டாப் அமுக்கின பிறகுதான் உக்காந்து, எது எது எங்க கெடக்குன்னு ஒரு பட்டியல் எழுதி வெக்கும். உங்களுது பட்டியல் எழுதறதுக்குள்ள கண்ணை மூடிருச்சு. சரக்கு உள்ள பத்திரமா இருக்கு. எங்க இருக்குன்னுதான் யாருக்கும் தெரியாது.' இது எனக்கு உடனே புரிந்தது. கல்லூரியின் உலர்செடித் தொகுப்பில் ஒரு மழைக்காலத்தில் கரையான் ஏறி அட்டைச் சீட்டுகளை மட்டும் தின்றுவிட்டது; செடிகள் அப்படியே இருந்தன, எண்ணூறு செடிகள், எங்கே பறித்தது, யார் பறித்தது, என்றைக்கு என்று ஒன்றும் கிடையாது. சீட்டில்லாத செடி வெறும் வைக்கோல் என்று மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது மூன்று புள்ளி நான்கு ஜி.பி. வைக்கோல் என் மேஜைமேல் இருக்கிறது. அதற்குள் எங்கேயோ என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கிறார்.

வழி இருக்கிறது என்றார் ரபீக். அதே கேமராவில், அதே மோடில் எடுத்த, பழுதில்லாத ஃபைல் ஒன்றைக் காட்டினால், பழுது பார்க்கிற ஒரு மென்பொருள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு உடைந்ததை அடுக்கிவிடும். தெரிந்த செடியைப் பக்கத்தில் வைத்துத் தெரியாததை இனம் காண்பது போல. இதுவும் புரிந்தது, புரிவதில் எனக்குக் குறைவே இல்லை. பழைய ஃபைல் ஒன்றுகூட இல்லை என்பதுதான் குறை. ஒவ்வொரு நாளும் எடுத்ததை எடிட்டிங் மென்பொருளில் போட்டுச் சின்னதாக்கி, தேதி எழுதி, பெனிட்டாவுக்கு அனுப்பிவிட்டு, கேமராவின் மெமரி கார்டை அன்றன்றைக்கே துடைத்து வைத்தேன். சின்னதாக்கியது கேமரா எழுதிய ஃபைல் ஆகாதாம், மென்பொருள் எழுதியதாம், மாதிரிக்கு உதவாது. 'எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா? படிச்சவங்க வீட்லதான் மேடம் இந்த மாதிரி நடக்கும். மத்தவங்கள்லாம் பத்து வருஷமானாலும் கார்டைத் தொடைக்கவே மாட்டாங்க, எல்லாம் அதுல கெடக்கும், காதுகுத்துலேர்ந்து.' சரி, புதிதாக ஒன்று எடுத்தால் போகிறது. இன்று காலை எடுத்தேன், ஒரு நிமிடம், சமையலறைக் குழாயை, சத்தமும் வேண்டுமாமே, அதனால் குழாயைத் திறந்துவிட்டு. பழுது பார்க்கும் மென்பொருள் ஒன்றரை மணி நேரம் யோசித்தது. பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கோடுகள் வந்தன, அரவை மில்லில் மிளகாய் அரைபடுகிற சத்தம் வந்தது, அவ்வளவுதான். பதினோரு மணிக்கு நான் அழுதேன், சுமார் ஒரு நிமிடம். பிறகு குழம்பு வைத்தேன்.

போன் அடிக்கிறது. மாறன். எடுக்காமல் இருந்தால் பத்துத் தடவை அடிப்பான், அப்பாவுக்கு என்னவோ என்று. 'என்னம்மா, திறந்துச்சா?' இல்லை. 'விட்டுடும்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம். ஆறு மாசத்துல திருப்பி எடுப்பாங்கல்ல.' ஆறு மாசத்துல என்ன நடக்கும்னு தெரியுமா உனக்கு, முதல் வருஷம் போனா போனதுதான்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தான இருந்த. 'சரிம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. அப்பா நெஜமா பேசினாரா?' பேசினார்டா. 'என்ன பேசினார், கரெக்டா சொல்லு.' காப்பியில சர்க்கரை போடல நீ. 'அன்னிக்கு போன்ல சர்க்கரை போடலன்னுதான் சொன்ன. பெனிட்டாகிட்ட காப்பி ஆறிப்போச்சு, சர்க்கரையும் போடலன்னு சொன்னியாம்.' அவ உன்கிட்ட சொன்னாளா? 'கேட்டேன், சொன்னாங்க. அம்மா, உனக்கு ஒண்ணும் இல்ல, நீ எதையும் முழுசா ஆக்கிருவ, அது உன் குணம். அவர் ஒரு சத்தம் குடுத்திருப்பார், மீதியை நீ...' வேலை இருக்கு, வெச்சிடறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு பத்து. ஒரே செடிக்கு மூன்று சீட்டு, மூன்றிலும் வேறு வேறு விவரம். மாணவி எழுதியிருந்தால் மூன்றையும் அடித்திருப்பேன். அவர் சொன்னது எது? கண்ணை மூடினால் உதடு தெரிகிறது, குரல் தெரிகிறது, கொஞ்சம் கரகரப்பாக, எட்டு மாதம் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்த மாதிரி. வார்த்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறது. பேசவே இல்லையென்றால்? பத்தொன்பது நிமிடமும் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன் என்றால்? அந்த நினைப்பை இப்போது உள்ளே விட்டால் உட்கார்ந்துவிடும், காப்பி கேட்கும். வேண்டாம். கணக்கைப் பார்ப்போம்.

காலையில் எடுத்த குழாய் வீடியோ: ஒரு நிமிடம், நூற்று இருபத்தேழு எம்.பி. உடைந்த ஃபைல்: மூன்று புள்ளி நான்கு ஜி.பி., பத்தொன்பது நிமிடம். மூவாயிரத்து நானூற்றைப் பத்தொன்பதால் வகுத்தால் நிமிடத்துக்கு நூற்று எழுபத்தொன்பது. நூற்று இருபத்தேழு எங்கே, நூற்று எழுபத்தொன்பது எங்கே. தாளில் எழுதி இரண்டு கோடு போட்டேன். இரண்டும் ஒரே மோடு கிடையாது. எப்படிக் கிடையாது, நான்தான் எதையும் மாற்றவில்லையே, மாற்றவில்லையா, மாற்றினேன், பூஜைக்கு முந்தின நாள்! கேமராவோடு வந்த நூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்து, இருப்பதிலேயே உயர்ந்த தரம் எதுவோ அதில் வைத்தேன், உதட்டசைவு நன்றாகத் தெரியட்டும் என்று. உயிர் போய் உயிர் வந்த கேமரா எல்லாவற்றையும் மறந்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் மோடுக்குப் போய்விட்டது. தேதியைக்கூட என்றோ ஒரு ஜனவரி ஒன்று என்று காட்டியது, நான் அதை மட்டும் திருத்தினேன், தேதி தப்பாக இருந்தால் எனக்குப் பொறுக்காது, மற்றதைப் பார்க்கவில்லை. இரண்டு இருபது. மெனுவுக்குள் மெனு, அதற்குள் மெனு, உயர்தரம், சரி. இப்போது ஒரு நிமிடம் எடுக்க வேண்டும், எதை எடுப்பது, எதையாவது. ஜன்னலுக்கு வெளியே கொடியில் அவர் வேட்டி காய்கிறது, அதை எடுத்தேன், சத்தத்துக்காக நானே பேசினேன், என்ன பேசுவது என்று தெரியாமல் இட்லிப்பூவின் குடும்பம் ரூபியேசி, காப்பியும் அதே குடும்பம், சிங்கோனாவும் அதே குடும்பம் என்று வகுப்பெடுத்தேன். ஒரு நிமிடம், நூற்று எண்பது எம்.பி. கையைத் தட்டிக்கொண்டேன். மாதிரி என்ற இடத்தில் வேட்டியைப் போட்டேன், பழுது என்ற இடத்தில் அவரைப் போட்டேன், தொடங்கு.

பட்டை நகர்கிறது. நான்கு சதவீதம். இந்தப் பட்டை நகர்வதைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் நிற்கும். ஒன்பது. அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைக்கு வெளியே. அதற்கு முன்னால், வீட்டில், அந்தக் காலை. அவர் சமையலறை வாசலில் நின்று, இது, இது, இது என்றார், கை எதையோ தேடியது. நான் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன், கரண்டியா? இல்லை என்று தலையாட்டினார். சாவியா? கண்ணாடியா, செல்போனா, பேப்பரா, மாத்திரையா? ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது, முப்பத்தைந்து வருடமாக அவர் தொடங்குவார் நான் முடிப்பேன், அவருக்கு ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வார்த்தை செலவு, மீதி என்னுடையது, உறவினர்கள் எல்லாம் மாசிலாமணி சாருக்கு டப்பிங் கலைஞர் என்று என்னைக் கேலி செய்வார்கள். நான்கு நிமிடம் சொல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு தோசை. ஐந்தாவதைத் திருப்பும்போதுதான் அவர் வாயின் ஒரு ஓரம் இறங்கியிருப்பதைப் பார்த்தேன். அவர் தேடியது பொருளே இல்லை, எனக்கு என்னவோ ஆகிறது என்பதைத்தான் தேடியிருக்கிறார். நான்கு நிமிடத்தால் ஒன்றும் ஆகியிருக்காது மேடம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் சொல்வார்கள். முப்பத்தெட்டு சதவீதம். அடுத்த அறையில் நாற்காலி கிறீச்சிடுகிறது, தண்ணீருக்காக இருக்கும், எழுந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு ஏதோ சொல்ல வந்தார். ஃபேனைக் குறைக்கவா என்று குறைத்தேன். என்னைப் பார்த்தார். எனக்கு நேரமில்லை, ஓடி வந்தேன், எழுபத்தொன்று, எண்பத்தாறு. மூன்று ஐந்து. முடிந்தது என்கிறது. ஆச்சரியக்குறி இல்லை. எடிட்டிங் மென்பொருளில் இழுத்துப் போட்டேன், திறந்தது, திறந்தேவிட்டது, எங்கள் காப்பி மேஜை, அவர், சுவர்க் கடிகாரம், எல்லாம் அதனதன் நிறத்தில். கத்தலாம் போலிருந்தது.

கத்தவில்லை, ஏனென்றால் வீடியோவில் ஏற்கெனவே நான் கத்திக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேசுகிறேனா? படம் கொஞ்சம் பிந்தி வருகிறது, சத்தம் முந்தி வருகிறது, நான் கப்பைக் கீழே வைக்கும் ஓசை வந்தபிறகு கப்பை வைக்கிறேன். கப்பைப் பார்த்துக் கேட்டு, சத்தத்தை இழுத்து இழுத்து இரண்டையும் ஒன்றாக உட்கார வைத்தேன், முக்கால் விநாடி, ஒரு வேலை முடிந்தது. பிறகு முதலிலிருந்து கேட்டேன். பால்காரரைப் பற்றி நான். ரயில்வே பென்ஷன் கடிதத்தைப் பற்றி நான். இரண்டாவது நிமிடத்தில் அவர் உதடு திறக்கிறது, என்ன, பிஸ்கட்டா, இந்தாங்க, நான். ஆறாவது நிமிடத்தில் ம என்று ஒரு ஒலி, மாறனா, அவன் ராத்திரி பேசுவான், நான். பதினொன்றாவது நிமிடத்தில் இடது கையால் மேஜையைத் தட்டி என்னைத் திரும்பிப் பார்க்க வைக்கிறார், வாயில் ஏதோ உருள்கிறது, உருண்டு கிட்டத்தட்ட வெளியே வந்துவிட்டது, இதோ, ஆமா ஆமா, வெயில் வருது, ஸ்கிரீனை இழுத்து விடறேன், நான். அவர் கையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பதினேழு. மேலே ஓட்டினேன். பதினெட்டாவது நிமிடத்தில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார். 'என்ன, சர்க்கரை கம்மியா?' இது நான். அவர் பதில் சொல்லவில்லை, நான் சொல்லவிடவில்லை, 'அட, இதென்ன, கேமராவில சந்தனம் ஒழுகியிருக்கு' என்று எழுந்து வருகிறேன், என் புடவைத் தலைப்பு லென்ஸை மறைக்கிறது, துடைக்கிற சரசரப்பு. தலைப்பு விலகுகிறது. நான் கேமராவுக்குப் பின்னால் எங்கேயோ குனிந்திருக்கிறேன் போல, அவர் தனியாக இருக்கிறார், கப்பைப் பார்க்கிறார், என் பக்கம் பார்க்கிறார். சரசரப்பு. அவர் தொண்டை ஏறி இறங்குகிறது. பிறகு, தெளிவாக, கரகரப்பாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு: 'சர்க்கரை. போடல. நீ.' ஐயோ என்று நான் கத்துகிற சத்தம், அந்த ஐயோவைப் பிடித்துக்கொண்டு இன்னும் அரை நிமிடம் என் குரல், பிறகு கறுப்பு.

பேசியிருக்கிறார். மூன்று வார்த்தை. காப்பியில என்பது கிடையாது, ஆறிப்போச்சு என்பது கிடையாது, அவை நான் சேர்த்தவை, மாறன் சரியாகத்தான் சொன்னான், அவனிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சர்க்கரை? அது என்னுடையது. நான் எடுத்துக்கொடுத்தது. கமிட்டி கேட்பது யாரும் எடுத்துக்கொடுக்காத மூன்று, இதில் ஒன்று கடன், மீதி இரண்டு. மூன்று இருபத்தைந்து. இந்த மென்பொருளில் கத்தரிக்கோல் படம் ஒன்று இருக்கிறது. 'என்ன, சர்க்கரை கம்மியா' என்பதற்கு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு. வெட்டினேன். பார்ப்பதில் தப்பில்லை என்று வெட்டினேன். இரண்டு துண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டன, தலைப்பு மறைக்கிற இடத்தில் ஒட்டுத் தெரியவே இல்லை. ஓட்டிப் பார்த்தேன். அற்புதம், ஒரு மனுஷர் காப்பி குடிக்கிறார், முகம் சுளிக்கிறார், யாரும் கேட்காமல், யாரும் கொடுக்காமல், தானாக ஒரு முழு வாக்கியம். இதை மறுக்க எந்தக் கமிட்டிக்கும் வாயில்லை. ஒரு மாணவி இருந்தாள், எழிலரசி, செய்முறைத் தேர்வில் பூ உதிர்ந்துபோன செடிக்கு வேறொரு செடியின் பூவைப் பசை போட்டு ஒட்டிக் கொண்டுவந்தாள், அவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாள், நான் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு பூஜ்யம் போட்டேன். மேடம், பூ இருந்துச்சு மேடம், வழியில உதிர்ந்துடுச்சு என்று அழுதாள். இருந்திருக்கும்தான். நான் அசையவில்லை. உன் செடி சொல்லாததை நீ சொல்லாதே என்று பெரிய வசனம் வேறு பேசினேன். இங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? பெனிட்டாவுக்கு நேரமில்லை, மற்ற இருவருக்கும் அக்கறையில்லை, பதின்மூன்று குடும்பங்கள் என்னென்ன வெட்டி அனுப்பியிருக்கின்றனவோ. சேமி என்பதை அழுத்தினேன். பட்டை நகர்கிறது. பன்னிரண்டு சதவீதம். கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாரே. இருபது. அவர் வாயில் நான் இதுவரை வைத்த சொற்களைக் கூட்டினால் ஒரு நூலகம் வரும், இன்னொன்று வைத்தால் என்ன. வைத்தது போதாதென்று, வைத்ததற்கான தடயத்தையும் அழிப்பது. அவர் பேசினார் என்பதற்கு இருக்கிற ஒரே சீட்டிலும் என் கையெழுத்தில் பொய். முப்பத்தொன்று. அவர் இரண்டு வார்த்தை தானாகப் பேசியிருக்கிறார். அந்த இரண்டும் முழுக்க அவருடையவை. ரத்து என்ற பொத்தானை அழுத்தினேன். உறுதியாகவா என்று கேட்டது. ஆமாம்.

வெட்டை எடுத்துவிட்டு, காப்பி குடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து கறுப்பு வரை, என் குரலோடு, ஐயோவோடு, இரண்டரை நிமிடத்தை அப்படியே சேமித்தேன். மூன்று நாற்பத்தொன்று. அனுப்பும்போது எழுதினேன்: சர்க்கரை என்ற சொல்லை முதலில் சொன்னது நான். சத்தத்தை முக்கால் விநாடி நகர்த்தியிருக்கிறேன், வேறெதையும் தொடவில்லை. ஃபைல் மேலே ஏறுகிற பட்டை மூன்று ஐம்பத்தாறு வரை ஏறியது, நல்லவேளை, அதற்குள் நான் நகத்தை மட்டும்தான் கடித்தேன். பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. மெமரி கார்டைத் துடைக்கலாமா என்று கை போனது, இழுத்துக்கொண்டேன். நாலே கால். நாலரை. இல்லையென்றால் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிப்போம், அதற்குள் நானே புத்தகம் வாங்கிப் படித்துக் கற்றுக்கொடுப்பேன், என்னால் முடியாதா, என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெனிட்டா. 'மேடம், மூணு பேரும் பாத்தோம்.' சர்க்கரை நான் சொன்னது, எழுதியிருந்தேனே, என்றேன். 'படிச்சோம் மேடம். நீங்க கேட்டது கம்மியான்னு. அவர் சொன்னது போடலன்னு. கம்மி இல்ல, போடவே இல்ல. உங்களைத் திருத்தியிருக்கார் மேடம்.' போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். 'இன்னொண்ணு பாத்தீங்களா? நீங்க கேட்டதுக்கும் அவர் பேசினதுக்கும் நடுவுல பதினொரு செகண்ட். நான் எண்ணினேன். அவருக்கு அவ்வளவு நேரம் வேணும். இதுவரைக்கும் நீங்க அனுப்பின எந்த வீடியோவிலயும் அவருக்கு ரெண்டு செகண்டுக்கு மேல கிடைச்சதே இல்ல.' நான் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். 'அதான் மேடம்' என்றாள். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அடித்ததில்லை. 'திங்கக்கெழமை பத்து மணிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. எடுத்துட்டோம். ஒரே ஒரு கண்டிஷன். கோவிச்சுக்கக் கூடாது. நீங்க ரூமுக்கு வெளியில உக்காரணும். ஆறு வாரமும்.'

அடுத்த அறைக்குப் போய் அவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டிவியில் யாரோ அவுட்டாகித் தலையைக் குனிந்து நடந்துகொண்டிருந்தார். 'ஏங்க, உங்களை எடுத்துட்டாங்க. திங்கக்கெழமை போறோம்.' கண் விரிந்தது. 'என்னை வெளியில உக்காரச் சொல்லிட்டா அந்தப் பொண்ணு. ஆறு வாரமும். நீங்க மட்டும்தான் உள்ள.' அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது. ஏன் என்று கேட்க வருகிறார், இல்லை, பாவம் என்று சொல்ல வருகிறார், பாவம், வள்ளி என்று என் பேரையும் சேர்த்து, அந்தச் சொல் என் பல்லுக்குப் பின்னால் முழுதாக வந்து நின்றது, தள்ளினால் விழும். நாக்கைக் கடித்தேன், உவமையில்லை, கடித்தேன், வலித்தது. கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போய், வளைவு திரும்பி, சத்தம் தேய்ந்தது. அவர் தொண்டை ஏறி இறங்கியது. நெற்றியில் வியர்த்தது. நான் முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம். பிறகு அவர் வாயின் ஒரு ஓரம், எட்டு மாதமாக இறங்கியே இருந்த அந்த ஓரம், மெல்ல மேலே ஏறியது.

'நல்லது' என்றார்.